யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு: புதுக்கலும் பேணலும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமூகத்தின் வரலாற்றை அறிவதற்குக் கல்வெட்டும் ஏடும் அரசாவணமும் மாத்திரமே சான்றுகள் என்னும் கருத்து வலுவிழந்து நெடுங்காலமாகிவிட்டது. மக்கள் உறங்கிய அறையும், நெல் காய்ந்த முற்றமும், வந்தவர் இருத்தப்பட்ட திண்ணையும் எழுதப்படாத ஆவணங்களே. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நாற்சார் வீடு அத்தகையதோர் ஆவணமாகும். நடுவே வானம் தெரியும் முற்றம், அதனைச் சூழ நான்கு பக்கமும் உள்நோக்கிச் சரியும் கூரை, கூரையின் கீழ் விறாந்தையும் அறைகளும் என அமைந்த இவ்வீடுகள் அருகி வருகின்றன. எஞ்சியுள்ளவற்றைத் திருத்தியும் பெருப்பித்தும் வாழ முற்படுவோர் பலர். அவர்கள் பெரும்பாலும் கூறுவது, "பழைமை கெடாமல் திருத்த வேண்டும்" என்பதேயாகும். எந்தப் பழைமை என்ற வினாவை அவர்களும் கேட்பதில்லை. அவர்களுக்கு வீடு திருத்திக் கொடுப்போரும் கேட்பதில்லை. இக்கட்டுரை அவ்வினாவை வரலாற்று அடிப்படையில் நோக்க முற்படுகின்றது.

முதலில் மனங்கொள்ள வேண்டியது, நாற்சார் வீடு ஒரே நாளில் ஒரே திட்டத்தின்படி எழுந்த வடிவம் அன்று என்பதாகும். பழைய யாழ்ப்பாணத்து வளவினுள் 'வீடு' என்ற சொல் முழுக் கட்டடத்தையும் குறிக்காது, யன்னலற்ற, பொருள்கள் வைத்துப் பூட்டத்தக்க ஓர் அறையையே குறித்து வழங்கியது. அதற்கு முன்னால் ஆடவர் இருக்கவும் விருந்தினரை வரவேற்கவும் தலைவாசல், பக்கத்தே அடைப்பில்லாத மால், ஒதுக்குப்புறமாக அடுக்களை. இவை தனித்தனிக் கொட்டில்களாக, பனையோலையாலோ கிடுகாலோ வேயப்பட்டு, நடுவிலே ஒரு முற்றத்தைப் பார்த்தபடி நின்றன. வசதி வந்தபோது ஒன்று கல்வீடாயிற்று, பிறகு மற்றொன்று. இடைவெளிகள் மூடப்பட்டன. நான்கு சார்புகளும் ஒட்டிக்கொண்டபோது நாற்சார் வீடு பிறந்தது எனக் கருதுவது பொருத்தமாகத் தோன்றுகின்றது. அவ்வாறாயின் இவ்வீட்டின் இயல்பே வளர்ச்சிதான். பெருப்பித்தல் அதற்கு நேர்ந்த பிற்காலக் கேடு அன்று. அதன் பிறப்பு முறையே அதுவாகும்.

இவ்வளர்ச்சிக்கு எல்லை வகுத்தவை இரண்டு. ஒன்று பனை. முதிர்ந்த பனையின் வைரம் பாய்ந்த பகுதியே வளையும் தீராந்தியும் சிலாகையும் ஆயிற்று. ஒல்லாந்தர் காலத்திலே கொழும்புக்கும் சோழமண்டலக் கரைக்கும் ஏற்றுமதியாகி அரசுக்கு வருவாய் ஈட்டிய மரம் அது. கறையான் எளிதில் அண்டாதது. ஆயினும் நீண்ட அகலத்தைத் தாங்கவல்லதன்று. பனஞ்சிலாகை தாங்கும் நீளமே சார்பின் அகலத்தைத் தீர்மானித்தது. அறை பெரிதாக வேண்டுமெனில் அகலத்தைக் கூட்ட முடியாது. இன்னொரு சார்பைத்தான் சேர்க்க வேண்டும். மற்றையது காற்றும் வெயிலும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடையோடு வரும் மழையைத் தவிர்த்தால் குடாநாடு பெரும்பாலும் வறண்ட நிலம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வைகாசிக்குப் பின் சோளகம் புழுதியை வாரிக்கொண்டு வரும். வெளிச்சுவரில் யன்னலைப் பெருக்காது, உள்முற்றத்தின் வழியாக ஒளியையும் காற்றையும் பெற்றுக்கொண்ட அமைப்பு இந்நிலத்துக்கு ஏற்றதாயிற்று. சுண்ணாம்புக்கல்லும் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த தடித்த சுவர் பகல் வெம்மையை மெல்லவே உள்ளே விட்டது.

ஆனால் 'மரபு' என இன்று போற்றப்படும் இவ்வீட்டின் உறுப்புக்களின் பெயர்களைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கின்றது. யன்னல் போர்த்துக்கேயச் சொல். விறாந்தையும் அவர்கள் வழி வந்ததே. குசினி, அலுமாரி, கதிரை, மேசை ஆகியவையும் அவ்வாறே. வளவின் கோடியில் ஒதுக்கப்பட்ட கக்கூசு ஒல்லாந்தச் சொல். 1619 இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமானது; 1658 இல் ஒல்லாந்தர் அவர்களைத் துரத்தினர்; 1795 இல் பிரித்தானியர் வந்தனர். இந்த நூற்றெழுபத்தாறு ஆண்டுகளில் சொற்கள் மாத்திரம் கடல் கடந்து வரவில்லை. பொருளும் பழக்கமும் அவற்றோடு கூடவே வந்தன. யாழ்ப்பாண நகரின் பிரதான வீதியிலும் பறங்கித் தெருவிலும் எழுந்த வீடுகளின் தூண் வரிசையையும் வளைவுகளையும் உயர்ந்த கதவுகளையும் சுற்றியிருந்த ஊர்களின் உடைமையாளர் கண்டனர். தம் வீட்டு முகப்பிலே அவற்றுக்கு இடம் கொடுத்தனர். முற்றம் மாத்திரம் மாறவில்லை. நல்லூரிலுள்ள மந்திரி மனை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அதன் பெயர் யாழ்ப்பாண அரசர் காலத்தைச் சுட்டுகின்றது. இன்றுள்ள கட்டடமோ ஐரோப்பியப் பாணி வளைவுகளையும் உள்ளூர்த் தச்சரின் மரவேலையையும் ஒருங்கே கொண்டு, பிற்காலக் கலப்பை வெளிப்படையாகவே காட்டி நிற்கின்றது.

பழைய கட்டடத்தைத் திருத்தி வாழ்தல் என்பதும் குடாநாட்டுக்குப் புதிதன்று. 1816 இல் வந்த அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் கூரையிழந்து கிடந்த பழைய தேவாலயங்களையும் அவற்றைச் சார்ந்த குடிமனைகளையும் செப்பனிட்டே தம் பணியைத் தொடங்கினர். போர்த்துக்கேயர் எழுப்பி, ஒல்லாந்தர் கைக்கொண்டு, பின் பாழடைந்த சுவர்களின் மேல் புதிய கூரை ஏறிற்று. 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியின் பெருமை பற்றி எழுதியோர் பலர். அதன் தொடக்கத்தில் நின்ற இந்தக் கூரைத் திருத்த வேலையைப் பற்றி எழுதியோர் சிலரே.

வீட்டின் வளர்ச்சியை அறிய விரும்புவோர் கட்டடக் கலையைக் காட்டிலும் உரிமைச் சட்டத்தையே முதலில் நோக்க வேண்டும். ஒல்லாந்த ஆளுநர் கொர்னேலிஸ் யோவான் சிமொன்ஸ் பணித்ததற்கிணங்க, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை 1707 இல் நிறைவெய்தியது. பன்னிரு முதலிமார் அதனை ஆராய்ந்து ஒப்பினர். பிரித்தானியர் 1806 இல் அதற்குச் சட்ட வலுவளித்தனர். முதுசம் ஆண்மக்களுக்கும் சீதனம் பெண்மக்களுக்கும் எனப் பிரித்த அவ்வழமையின்படி, மணமாகும் மகளுக்கு வீடும் வளவும் சீதனமாகச் சென்றன. மணமகன் பெரும்பாலும் பெண்வீட்டிலேயே வந்து வாழ்ந்தான். எனவே ஒரு குடும்பத்தில் மூன்று பெண்கள் பிறந்தால், அந்த வளவு மூன்று வீடுகளுக்கு ஆயத்தமாக வேண்டியதாயிற்று.

இதன் விளைவு இரண்டு வகைப்பட்டது. வசதியுடையோர் வளவைப் பிரித்துப் புதிய வீடுகளைக் கட்டினர்; நடுவே கதியால் நட்டு வேலி அடைத்தனர். அந்த வேலியில் சகோதரிகள் போய்வர ஒரு பொட்டு விடப்பட்டது. வசதி குறைந்தோர் வீட்டையே பிரித்தனர். மேற்குச் சார்பு மூத்தவளுக்கு, தெற்குச் சார்பும் குசினியும் இளையவளுக்கு, முற்றமும் கிணறும் பொதுவில் என உறுதிகள் எழுதப்பட்டன. ஒரு முற்றத்தின் இரு பக்கங்களில் இரு அடுப்புகள் எரிந்தன. பிணக்கு வந்தபோது முற்றத்தின் குறுக்கே ஒரு சுவர் எழுந்தது. நான்கு பக்கமும் காற்று வாங்கிய முற்றம் இரண்டு ஒடுங்கிய கிடங்குகளாயிற்று. நாற்சார் வீட்டின் அமைப்பைக் குலைத்தது மேனாட்டு நாகரிகமே எனக் குற்றஞ்சாட்டுவோர், அதே மரபின் மற்றொரு கூறாகிய பங்குமுறை எழுப்பிய இச்சுவர்களை ஏனோ காண்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆங்கிலம் கற்ற இளைஞர் மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் அரச கந்தோர்களிலும் பணியாற்றினர். அவர்கள் அனுப்பிய காசும், இளைப்பாறி மீண்டபோது கொண்டுவந்த ஓய்வூதியமும் குடாநாட்டு வீடுகளின் முகத்தை மாற்றின. 1905 இல் கொழும்புப் புகையிரதப் பாதை முழுமை பெற்றதும் தென்னிலங்கை மரங்களும் ஏனைய பொருள்களும் எளிதாக வரத்தொடங்கின. அரைவட்ட நாட்டு ஓட்டின் இடத்தை, இந்தியாவின் மேற்குக் கரையில் பாசல் மிசன் 1865 இல் தொடக்கிய சூளைகளின் வழி புகழ்பெற்ற தட்டையான மங்களூர் ஓடு பிடித்தது. 'மலாயன் பென்சனியர்' பழைய வீட்டை இடிக்கவில்லை என்பது இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. பின்னால் நாற்சார் வீடு அப்படியே இருந்தது. தாயும் பாட்டியும் அடுப்பும் சாமியறையும் அங்கேயே இருந்தன. முன்னால் உயர்ந்த கூரையுடைய மண்டபம், கம்பியிட்ட யன்னல்கள், கார் வந்து நிற்கத்தக்க முகப்பு, சுவரில் சட்டமிட்ட படங்கள், சாய்மனைக் கதிரை ஆகியன எழுந்தன. வீதியிலிருந்து பார்ப்பவர்க்கு அது பங்களா. கிணற்றடியிலிருந்து பார்ப்பவர்க்கு அது பழைய வீடு.

இன்று பழைய வீட்டைப் பேணிப் பெருப்பிப்பது எவ்வாறு என்று வினவுவோர்க்கு இக்காலத்து வீடுகள் சொல்லும் விடை பயனுள்ளது. பழைய கொத்தர் புதிய சார்பைப் பழைய சுவரின் மேல் ஏற்றவில்லை. புதியதற்குத் தனி அத்திவாரம் இட்டு, இரண்டையும் ஒரு நடையால் இணைத்தனர். அத்திவாரம் இறங்கினாலும் வெடிப்பு நடையோடு நின்றது. பழையதன் கூரை உயரமும் தரைமட்டமும் மாறவில்லை. புதியது இரண்டு படி உயர்ந்து நின்றது. அழகியற் கொள்கை எதுவும் அவர்களை வழிநடத்தியதாகக் கூறவேண்டியதில்லை. சிக்கனமும் அனுபவமும் போதுமானவையாய் இருந்தன.

உடைவு நேர்ந்தது சீமெந்தோடுதான். காங்கேசன்துறையில் 1950 அளவில் உற்பத்தியைத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை குடாநாட்டின் பெருமையாகக் கொண்டாடப்பட்டது. அக்கொண்டாட்டத்தில் நியாயமும் இருந்தது. வேலையும் வருவாயும் அதனால் வந்தன. ஆனால் வீட்டின் வரலாற்றில் அது ஒரு திருப்பம். சீமெந்தும் இரும்புக் கம்பியும் பனையின் எல்லையைத் தகர்த்தன. எவ்வளவு அகலமான அறையும் இயலும், கூரை தட்டையாகலாம், மேல்வீடும் கட்டலாம். முற்றத்தைச் சுற்றிச் சார்புகளை வைக்க வேண்டிய தேவை ஒழிந்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எழுந்த வீடுகளில் நடுவிலிருந்த வானம் 'ஹோல்' ஆயிற்று. பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசுவதும் இக்காலத்திலேயே வழக்காயிற்று. அதன் தீமை உடனே தெரியவில்லை. சுண்ணாம்புச் சாந்தும் முருகைக்கல்லும் ஈரத்தை உறிஞ்சி மீண்டும் வெளியே விடும் இயல்பின. மேலே சீமெந்துப் பூச்சு ஏறினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கும். உப்புப் படிந்து பூச்சைத் தள்ளும். கடலோர ஊர்களில் இது மேலும் விரைவாக நிகழும். சுவர் பழுதாகிவிட்டது என்று வீட்டுக்காரர் மீண்டும் சீமெந்தையே பூசுவர். நோயையே மருந்தெனக் கொடுத்த கதை அது.

இவ்விடத்தில், பேணப்பட வேண்டிய 'பழைமை' எது என்ற வினாவின் கசப்பான பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். நாற்சார் வீடு எல்லோருடைய வீடும் அன்று. நிலமுடைய ஆதிக்க சாதியினரின் வீடு. ஒடுக்கப்பட்ட மக்கள் பிறரின் காணியில் குடியிருந்தமையால் நிலையான வீடு கட்டும் உரிமையே அவர்களுக்கு அரிதாயிற்று. நினைத்தபோது எழுப்பப்படத்தக்க கொட்டிலே அவர்களின் உறைவிடம். நாற்சார் வீட்டின் படலையிலிருந்து அடுக்களை வரை ஒவ்வொரு படியும், எவர் எதுவரை வரலாம் என்பதை அறிவித்தது. சங்கடப்படலையின் நிழல் வழிப்போக்கர்க்கு உதவியது என்று பாராட்டி எழுதுவோர் உளர். அது உண்மையே. அப்படலையைத் தாண்ட முடியாது முற்றத்தின் வெளியே நின்று சிரட்டையில் தண்ணீர் வாங்கிக் குடித்தவர்களும் இருந்தனர் என்பது அதனிலும் குறைந்த உண்மை அன்று. திண்ணையின் ஒரு மூலை ஒருவர்க்கு இருக்கை. மற்றொருவர்க்கு அதன் கீழ்ப்படியும் மறுக்கப்பட்டது. பெண்களும், முற்றம் அவர்களின் உலகமாக இருந்ததேயன்றி, தலைவாசலின் பேச்சில் பங்குகொள்ளவில்லை.

1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமும், அதனினும் மேலாக 1966 ஒக்டோபரில் தொடங்கிய வெகுசன எழுச்சியும், தேநீர்க் கடைகளையும் ஆலயக் கதவுகளையும் திறக்கச் செய்தன. திண்ணையும் சங்கடப்படலையும் புதிய வீடுகளிலிருந்து மறைந்ததும் ஏறத்தாழ அதே தலைமுறையில்தான். ஒன்றுக்கு மற்றொன்று காரணம் எனக் கூறிவிடச் சான்று போதாது; வீதி அகலித்ததும் மதில் எழுந்ததும் காரணங்களே. எனினும் இன்று சில பழைய வீடுகள் விருந்தினர் விடுதிகளாக மாற்றப்பட்டு, திண்ணை மெருகூட்டப்பட்டு, மூக்குப்பேணி அலங்காரப் பொருளாக வைக்கப்படும்போது, அப்பேணி எதற்காக மூக்கோடு செய்யப்பட்டது என்பதை அறியாத விருந்தினர் அதனைப் படம் எடுத்துச் செல்கின்றனர். திண்ணையைப் பேணலாம், பேணவும் வேண்டும். அதில் எவரும் அமரலாம் என்பது அதற்குச் செய்யப்பட்ட மிகப் பெரிய திருத்தமாகும். அத்திருத்தத்தை மறைப்பது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி.

1983 இற்குப் பின்னான போர் இவ்வினாக்கள் அனைத்தையும் வேறொரு தளத்துக்குத் தள்ளிவிட்டது. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறினர். காங்கேசன்துறைத் தொழிற்சாலையும் நின்றது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே ஓரிரவில் பெயர்ந்தது. ஆளற்ற வீடுகளில் முதலில் போனவை கதவும் யன்னலும், பின்னர் ஓடு, பின்னர் வளையும் சிலாகையும். பனங்குற்றிகள் பதுங்கு குழிகளின் மேல் அடுக்கப்பட்டன. கூரையிழந்த சுண்ணாம்புச் சுவர் நீண்ட காலம் நிற்காது. சில மாரிகளில் தலை கரைந்துவிடும். 2009 இற்குப் பின் உயர் பாதுகாப்பு வலயக் காணிகள் கட்டங் கட்டமாக விடப்பட்டபோது, திரும்பியவர்களிற் பலர் தம் வளவைக் கிணற்றைக் கொண்டே அடையாளம் கண்டனர். சுவர் நின்ற இடங்களிலும் அதனுள் ஆலும் வேம்பும் வேரோடியிருந்தன.

மீள்குடியேற்றத்தின் பொருளாதாரம் பழைய வீட்டுக்குச் சாதகமாக இருக்கவில்லை. இந்திய வீட்டுத் திட்டத்தின் கீழ் புதிய வீடு கட்டுவோர்க்கு 550,000 ரூபாவும், சேதமடைந்த வீட்டைத் திருத்துவோர்க்கு 250,000 ரூபாவும் வழங்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர்க்கு அது நிழல் தந்தது. அதனைக் குறைகூற எவர்க்கும் நா எழாது. எனினும், பெரிய நாற்சார் வீட்டின் கூரையை மீட்பதற்கு எந்த உதவித் தொகையும் போதாது. சிறிய புதிய வீட்டுக்கோ அது ஓரளவு போதும். வறிய வாரிசு ஒருவர் எதைத் தெரிவார் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. பல வளவுகளில் இடிந்த நாற்சார் வீட்டின் கற்களே புதிய வீட்டின் அத்திவாரத்துள் சென்றன. அதுவும் ஒரு வகைத் தொடர்ச்சியே.

வெளிநாட்டுப் பணம் வரும் குடும்பங்களில் நிலைமை வேறு. அங்கே பணத்துக்குக் குறைவில்லை; ஆயினும் கெடுதி அதிகம். பழைய சுவரின் மேலேயே கொங்கிறீற்றுத் தட்டு வார்க்கப்படுகின்றது. சுண்ணாம்புச் சுவர் பரந்த பாரத்தைத் தாங்குமே தவிர, ஓரிடத்தில் வந்திறங்கும் பாரத்தைத் தாங்காது. முற்றத்தின் மேல் ஒளி புகும் தகடு போடப்படுகின்றது. மழை நிற்கின்றது, காற்றும் நிற்கின்றது, வீடு அடுப்பாகின்றது. பிறகு குளிரூட்டி வாங்கப்படுகின்றது. அறைக்குள் மலசலகூடம் வேண்டும் என்பது நியாயமான தேவை. முதியோரும் பிள்ளைகளும் இரவில் வளவின் கோடிக்குப் போக வேண்டும் என்று எவரும் இன்று வாதிட முடியாது. ஆனால் குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது வெடிப்பும் குழியும் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே விடுவது விரைவிலே கிணற்றை அடையும். கக்கூசைக் கோடியில் வைத்த முன்னோர் தீட்டைக் கருதினரோ நீரைக் கருதினரோ, கிணறு தப்பியது. புதிய சார்பை எப்பக்கத்தில் சேர்ப்பது என்று தீர்மானிப்பவர் வீட்டின் முகப்பைப் பார்ப்பதற்கு முன் கிணற்றைப் பார்க்க வேண்டியவராகின்றார்.

திருத்துவதற்கு மனமும் பணமும் உள்ளோர்க்கும் சுண்ணாம்பு எளிதில் கிடைப்பதில்லை. கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வது சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. கடலரிப்பை நோக்க அத்தடை தேவையானதே. பழைய சுவரின் கற்களைப் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்துவதே எஞ்சிய வழி. சுண்ணாம்பை நீற்றிப் பதம் பார்த்து அரைக்கத் தெரிந்த கொத்தரும் அருகிவிட்டனர்.

சட்டத்தின் துணையும் சிறிதே. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டவற்றைப் பழைமைச் சின்னங்களாகக் கொள்கின்றது. அது கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் கையளிக்கப்பட்ட நாள். யாழ்ப்பாணத்தின் வரலாற்றில் அந்நாளுக்குத் தனிப் பொருள் எதுவும் இல்லை. பிரித்தானியர் அங்கு வந்து அப்போது இருபது ஆண்டுகள் கழிந்துவிட்டன. எஞ்சியுள்ள நாற்சார் வீடுகளிற் பெரும்பாலானவை அத்திகதிக்குப் பிற்பட்டவை. நூறாண்டு கடந்தவற்றைத் தனியாகப் பிரகடனம் செய்ய அமைச்சருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் மக்கள் வாழும் சாதாரண வீடுகளுக்கு அது எட்டுவதில்லை. பிரகடனம் செய்யப்பட்டால் தம் வீட்டில் ஓர் ஆணியும் அடிக்க முடியாது என்ற அச்சமும் உரிமையாளரிடம் உண்டு.

இவை எல்லாவற்றிலும் கடினமானது பிரிக்கப்படாத பங்கு. தேசவழமையும் உறுதிகளும் வகுத்த உரிமை இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் சிதறிக் கிடக்கின்றது. ஒரு வீட்டுக்கு ஒன்பது உரிமையாளர். ஒருவர் இறந்துவிட அவர் பங்கு நான்கு பிள்ளைகளுக்கு. அவர்களுள் இருவர் வீட்டைக் கண்டதில்லை. திருத்தச் சம்மதம் வேண்டும். விற்கவும் சம்மதம் வேண்டும். எதுவும் செய்யாதிருக்க மாத்திரம் எவர் சம்மதமும் வேண்டியதில்லை. ஊரில் எஞ்சிய முதிய சகோதரி ஒரு சார்பில் விளக்கேற்றி, மற்ற மூன்றையும் பூட்டி வைத்திருக்கின்றார். நாற்சார் வீட்டின் கூரை முதலில் பழுதாவது இரு சார்புகள் கூடும் உள்மூலைகளிலேதான். நான்கு மூலைகளுக்கும் நான்கு பங்காளிகள் பொறுப்பு. ஓடு பிரித்துத் திரும்ப வேய்வதற்குரிய காலம் ஆவணிக்கும் ஐப்பசிக்கும் இடைப்பட்ட சில வாரங்கள். தத்துவக் கடிதங்கள் தூதரக முத்திரையோடு வந்து சேர்வதற்குள் வாடை தொடங்கிவிடும்.